இரண்டாயிரத்துக்கு எத்தனை அப்பன்?

ஆந்திராவில் எங்கள் சாந்திபுரத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு அப்பன்தான். அரசாங்கத்து வழக்கம் வேறு. 2020 ஏப்ரலில் விவசாயியின் கணக்கில் விழுந்த 2,000 ரூபாய்க்கு மூன்று அப்பன்மார்.

மூத்தவர் பி.எம். கிசான். 2019 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய திட்டம். வருஷத்துக்கு 6,000, மூன்று தவணை. கொரோனா வந்தாலும் வராவிட்டாலும் அந்தத் தவணை வந்தே தீரவேண்டியது.

இரண்டாமவர் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன். ஊரடங்கு தொடங்கிய மறுநாள், மார்ச் 26 அன்று, 1.70 லட்சம் கோடி ரூபாய் நிவாரணம் என்று அறிவித்தார். அதில் 8.7 கோடி விவசாயிகளுக்குத் தலா 2,000. புதுப்பணமாக்கும் என்று வாயைப் பிளந்தோம். பார்த்தால் அதே பழைய தவணை! கூலிக்காரனுக்குச் சனிக்கிழமைக் கூலியை வெள்ளிக்கிழமையே கொடுத்துவிட்டு, "தர்மம் பண்ணினேன்" என்று தமுக்கடிக்கிற பண்ணையாரை நாங்கள் பார்த்திருக்கிறோம். அவரும் இத்தனை பெரிய தமுக்கு வைத்திருக்கவில்லை.

மூன்றாமவர் எங்கள் மாநிலத்தின் அன்றைய முதல்வர் ஜெகன். தேர்தலில் வருஷத்துக்கு 12,500 தருவேன் என்றார். ஆட்சிக்கு வந்ததும் 13,500 ஆக உயர்த்தினார். அதற்குள் தில்லியின் 6,000 உட்கார்ந்திருந்தது. மே மாதம் 'ரைத்து பரோசா' என்ற அந்தத் திட்டத்தின் முதல் தவணை 7,500 என்றார்கள். கைக்கு வந்தது 5,500. மிச்சம்? அதுதான் ஏப்ரலிலேயே வந்துவிட்டதே, ஐயா!

இத்தனை அப்பன் இருந்தும், குத்தகை நிலத்தில் வியர்வை சிந்துகிறவனுக்குத் தில்லிப் பணத்தில் ஒரு தம்பிடி கிடையாது. நிலப் பாஸ்புக்கில் பெயர் இருக்க வேண்டுமாம். பறிகூலிக்குக் கட்டாத தக்காளி வயலிலேயே அழுகியது அவனுக்கு. 'பணம் வரவு' என்ற மெசேஜ் பெங்களூரில் குடியிருக்கும் நிலச் சொந்தக்காரருக்கு.

எல்லை தாண்டித் தமிழ்நாட்டில் இன்னொரு கூத்து. அதே 2020இல், விவசாயிகளே அல்லாத லட்சக்கணக்கானவர்களை பி.எம். கிசானில் சேர்த்து 110 கோடி ரூபாய் வரை சுருட்டியது வெளியே வந்தது. தரகர்கள் பல கிராமங்களில் "கொரோனா பணம் வருது, ஆதாரைக் கொடும்மா" என்றுதான் கேட்டார்களாம். மோசடி என்று பிடித்தார்கள், சரி. ஆனால் பி.எம். கிசானைக் கொரோனா நிவாரணம் என்று சொல்லும் வித்தையை அந்தத் தரகன் எங்கே கற்றான் என்று யாரும் விசாரிக்கவில்லை.

எங்களிடம் ஒளிவுமறைவே இல்லை. ஆதார், சர்வே எண், வங்கிக் கணக்கு எல்லாம் கொடுத்தாயிற்று. பயனாளிகள் பெயரை ஊர் ஊராக இணையத்தில் போட்டிருக்கிறார்கள். கிராமச் செயலகமான சச்சிவாலயத்திலும் பட்டியல் ஒட்டுகிறார்கள். வெளிப்படைத்தன்மையாம். நல்லது, ஒட்டட்டும்.

நிவாரணம் அறிவித்த அதே 2020 மார்ச்சில் பி.எம். கேர்ஸ் என்ற கொரோனா நன்கொடை நிதி பிறந்தது. பிரதமர் தலைவர், மூன்று மத்திய அமைச்சர்கள் அறங்காவலர்கள், சிங்க முத்திரை, அரசு இணைய முகவரி. முதல் ஐந்து நாளில் 3,076 கோடி சேர்ந்தது. கொடுத்தது யார் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால், இது பொது அதிகார அமைப்பே இல்லை என்றார்கள். 2021இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் இன்னும் தெளிவாக: இது இந்திய அரசின் நிதியே இல்லையாம்.

ஆக, 2,000 வாங்கியவன் பெயர் ஊருக்கே தெரியும். கோடி கொடுத்தவர் பெயர் பரம ரகசியம். எங்கள் இரண்டாயிரத்துக்கு மூன்று அப்பன். அந்த மூவாயிரம் கோடியோ அப்பன் பெயர் தெரியாத பிள்ளை.

பட்டியல் ஒட்டிய மைதாப் பசை வாளியில் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. தில்லியில் ஒரு சுவர் காட்டினால் கொண்டுவந்து தருகிறோம். வண்டிச் சத்தத்தை அடுத்த தவணையில் பிடித்துக்கொள்ளுங்கள். அதையும் நிவாரணம் என்று அறிவித்துக்கொள்ளுங்கள்.