சுவர்க் கலை வாழ்க!

தமிழர் கட்டடக்கலை என்றதும் ஆளாளுக்கு அண்ணாந்து பார்க்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் இருநூறு அடி உயரம் என்பார்கள். போகிற போக்கில், அதன் நிழல் தரையில் விழாது என்று ஒரு புளுகையும் சேர்த்துக்கொள்வார்கள். அண்ணாந்தது போதும், கொஞ்சம் குனிந்து அதே கோயிலில் ராஜராஜன் வெட்டிவைத்த கல்வெட்டுகளைப் படியுங்கள். கோயிலுக்கு விட்ட ஊர்களில் எந்தெந்த நிலத்துக்கு வரி கிடையாது என்று கணக்கு இருக்கிறது. ஊர் நத்தம் தனி. கம்மாளர் வசிக்கும் கம்மாணச்சேரி தனி. பறைச்சேரி தனி. சுடுகாடு தனி, பறைச் சுடுகாடு தனி. 1010இல் விமானத்துக்குக் கலசம் ஏறியபோது, செத்தவனை எங்கே எரிப்பது என்பது வரைக்கும் ஊர்த் திட்டம் தயாராக இருந்திருக்கிறது.

சிற்ப நூலார் இன்னும் நுட்பமானவர்கள். மயமதம் மண்ணிலேயே வருணம் பிரிக்கும்: வெள்ளை மண் ஒருவருக்கு, சிவப்பு ஒருவருக்கு, மஞ்சள் ஒருவருக்கு, கறுப்பு ஒருவருக்கு. நாலுக்கும் வெளியே நிற்பவனுக்கு என்ன நிற மண் என்று நூல் மெனக்கெடவில்லை.

விமானம் எழுப்பும் கை நமக்கு மறந்துபோய் நாளாகிறது. சுவர் எழுப்பும் கை மட்டும் மறக்கவே இல்லை. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தைப் பாருங்கள். 1989இல் ஊருக்கு நடுவே, தலித் மக்கள் குடியிருப்பை மறித்து, சுமார் 600 மீட்டருக்கு ஒரு சுவர். பொறியாளர் கிடையாது, டெண்டர் கிடையாது, கமிஷன் கிடையாது; ஊர் கூடிக் கட்டியது. சுவர் மட்டும் இருந்தால் எவனாவது ஏறிக் குதித்துவிடுவானே என்ற கவலையில் அதன்மேல் மின்கம்பியும் இழுத்தார்கள். அது 2008இல் வெளியே தெரிந்து நாறியது. அரசாங்கத்துக்குக் கண் தெரியப் பத்தொன்பது வருஷம் ஆயிற்று. மே 6ஆம் தேதி போலீஸ் படையோடு வந்து, சுவரில் ஒரு பகுதியை மட்டும் இடித்துப் பாதை விட்டார்கள். முழுசையும் இடிக்க மனசு வரவில்லை, பாரம்பரியம் அல்லவா!

அதற்கப்புறம் நடந்ததுதான் உச்சம். சுவரில் விழுந்த ஓட்டையைப் பொறுக்காத ஆதிக்க சாதிக்காரர்கள் ரேஷன் கார்டுகளை அரசாங்கத்திடமே வீசிவிட்டு, ஊரைக் காலி செய்து மலையடிவாரத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். சுவர் போனால் வீடும் வேண்டாம் என்று வெளிநடப்பு செய்த சனம் உலகக் கட்டட வரலாற்றில் வேறு எங்காவது உண்டா? அதிகாரிகள் பின்னாலேயே போய்ச் சமாதானம் பேசினார்கள். பத்தொன்பது வருஷம் சுற்றி நடந்தவனிடம் சமாதானம் பேச அப்படி ஒரு வண்டியும் கிளம்பியதில்லை.

மேட்டுப்பாளையம் நடூரைப் பற்றிக் கேலி பேச எனக்கு வரவில்லை. 2019 டிசம்பர் 2, விடியுமுன், மழை. வசதியான ஒரு வீட்டின் சுமார் இருபது அடி உயரச் சுற்றுச்சுவர், பக்கத்திலிருந்த ஓட்டு வீடுகள்மேல் சாய்ந்து, தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் செத்தார்கள். சுவர் ஆபத்தாக நிற்கிறது என்று அவர்கள் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். ஒரு வீட்டுக்கு இருபது அடி மதில் எதற்கய்யா? யானையா கட்டியிருந்தீர்கள்?

அரசாங்கத்துக்கும் இந்தக் கலை கைவந்ததுதான். அது செங்கல்லே இல்லாமல் சுவர் கட்டும், தூரத்தை வைத்து. ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்பதாகச் சொல்லி 1970இல் குடிசை மாற்று வாரியம் வந்தது. இறைவன் சென்னை நகரத்துக்குள் இருந்தால் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று பிறகு தெரிந்திருக்க வேண்டும். குடிசைவாசிகளை ஊருக்கு வெளியே கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று லாரி லாரியாக ஏற்றினார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு, ஆற்றங்கரையில் இருந்தால் மூழ்கிவிடுவீர்கள் என்று கரிசனத்தோடு கொண்டுபோய் இறக்கிய இடம், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரம்! 2020இல் கண்ணகி நகர்ச் சுவர்களில் பிரம்மாண்டமான ஓவியங்கள் தீட்டினார்கள். வெளியூர்க்காரர்கள் வந்து செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த முகவரியைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று உள்ளே இருக்கும் பிள்ளைகள் இன்னொரு முகவரி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நகரத்துக்குள்ளேயே கட்டியதும் ஒன்று உண்டு. புளியந்தோப்பு கே.பி.பார்க் அடுக்குமாடி. 2021இல் குடிவந்தவர்கள் விரலால் சுரண்டினார்கள்; பூச்சு புட்டு மாதிரி உதிர்ந்தது. தொலைக்காட்சியில் ஊரே பார்த்தது. உத்தப்புரத்தில் சாதி கட்டிய சுவரை உடைக்க புல்டோசர் வேண்டியிருந்தது. புளியந்தோப்பில் ஏழைக்குக் கட்டிய சுவருக்கு நகமே போதும். எதற்குச் சிமெண்ட் சேர்க்க வேண்டும் என்பதில் நாம் தெளிவாகத்தான் இருக்கிறோம்.

படித்தவர்கள் சுவர் கட்டுவதில்லை, லிஃப்ட் வைக்கிறார்கள். பழைய மகாபலிபுரம் சாலை அடுக்குமாடிகளில் மெயின் லிஃப்ட் பக்கத்தில் லேமினேட் செய்து ஒட்டியிருப்பார்கள்: வேலையாட்கள், டெலிவரி ஆட்கள் சர்வீஸ் லிஃப்டை மட்டும் பயன்படுத்தவும். கண்ணகி நகரிலிருந்து பஸ் பிடித்து வந்த அக்கா, குப்பை டிரம் இறங்கும்வரை காத்திருந்து, அதே லிஃப்டில் ஏறிப் பதினாலாவது மாடிக்குப் போய்ச் சப்பாத்திக்கு மாவு பிசைவார். குடியிருப்போர் சங்கச் செயலாளரைக் கேட்டால், “சாதியெல்லாம் இப்ப யாரு சார் பாக்கறா? இது ஹைஜீன்” என்பார். நாயை மெயின் லிஃப்டில் ஏற்றலாமா என்று மட்டும் பொதுக்குழுவில் ஒன்றரை மணி நேரம் விவாதம் நடக்கும். நாய் ஜெயிக்கும்.