கணிப்பாளருக்கு டெபாசிட் போகாது

2023 ஆகஸ்ட் கடைசியில் நாடாளுமன்றச் சிறப்புக் கூட்டத்தொடர் என்று அறிவிப்பு வந்ததுதான் தாமதம், முன்கூட்டியே மக்களவைத் தேர்தல் என்று சேனல்கள் முகூர்த்தம் குறித்துவிட்டன. கூடிய அவை மகளிர் இடஒதுக்கீட்டு மசோதாவை நிறைவேற்றிவிட்டுக் கலைந்தது. முகூர்த்தம் தப்பியதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

தேர்தல் ஆணையம் 2024 மார்ச் 16 அன்று ஒருவழியாகத் தேதி சொன்னது. தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19, எண்ணிக்கை ஜூன் 4. நடுவே 46 நாள்! வாக்கு இயந்திரங்கள் ஸ்ட்ராங் ரூமில் நிம்மதியாகத் தூங்க, ஸ்டூடியோவில் அதே நால்வர் அதே நாற்காலிகளில் மல்லுக்கட்டினார்கள். வாக்குப்பதிவு கூடினால் ஆட்சிக்கு எதிரான அலை, குறைந்தால் ஆட்சிமேல் அலுப்பு, அப்படியே இருந்தால் மௌனப் புரட்சி. எப்படிப் போட்டாலும் விடை வரும் கணக்கு.

ஜூன் 1 மாலை, கடைசிக் கட்டம் முடிந்த கையோடு எக்ஸிட் போல் மழை. பெரும்பாலானவை தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350க்கும் மேல் வாரி வழங்கின. எண்ணிப் பார்த்தால் 293.

பதிவான செல்லுபடியாகும் வாக்கில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாத வேட்பாளருக்கு டெபாசிட் போய்விடும். கணிப்பாளருக்கோ, இரவு எட்டு மணி விவாதத்துக்கு மறுபடி அழைப்பு வரும்.