பழசுன்னா விலை ஏறும்

ஆரணியில் ஓர் அரங்கேற்றம். தொகுப்பாளர் மைக்கைப் பிடித்ததும், "இரண்டாயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த பரதநாட்டியம்" என்று ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்த தறிக்காரப் பெரியவர் என் காதருகே குனிந்தார். "பழசுன்னு சொன்னாதான் தம்பி விலை ஏறும். புடவைக்கும் அதேதான்."

ஆட்டம் பழசுதான். பேர்தான் புதுசு. கோயிலிலும் அரண்மனையிலும் கல்யாணப் பந்தலிலும் தேவதாசிகள் ஆடியபோது அதற்குச் சதிர் என்று பேர். தஞ்சை நால்வரான சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர் 19ஆம் நூற்றாண்டில் அதை ஒழுங்குபடுத்தினார்கள். இலையில் எது முதலில், எது கடைசியில் என்று பந்தி விசாரிப்பவர் போல, அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடித்தார்கள். இன்றும் அதே பந்திதான்.

பிறகு வந்தது வழக்கு. பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டு வழக்கத்தை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போராடினார், நியாயமான போராட்டம். ஆட்டத்தையாவது காப்பாற்றுவோம் என்று கிளம்பினார் வக்கீல் ஈ. கிருஷ்ண ஐயர். பெண் வேடம் போட்டுச் சலங்கை கட்டி, தானே மேடையேறி ஆடினார். கட்சிக்காரருக்காக இவ்வளவு தூரம் இறங்கிய வக்கீலை நான் கேள்விப்பட்டதில்லை.

1931இல் சென்னை மியூசிக் அகாடமி மேடையில், தேவதாசி மரபைச் சேர்ந்த கல்யாணியின் மகள்கள் ஆடினார்கள். 1932இல் அதே அகாடமி தீர்மானம் போட்டது: இனி இது பரதநாட்டியம். சதிருக்கு ஒரே நாளில் பரத முனிவர் பாட்டனார் ஆனார். 1935இல், அந்த மரபைச் சேராத ருக்மிணி தேவி அடையாறில் ஆடினார். சிருங்காரம் குறைந்தது, பக்தி கூடியது. சிருங்காரம்தானே உயிர் என்று தேவதாசி மரபில் வந்த பாலசரஸ்வதி கடைசிவரை வாதாடினார். 1947இல் பொட்டுக்கட்டுவதைச் சட்டம் தடுத்தது. வழக்கம் ஒழிந்தது நல்லது. ஆனால் ஆட்டம் மேடையில் தங்க, ஆடிய வீட்டுப் பெண்களில் பெரும்பாலோர் படியிறங்கிவிட்டார்கள்.

அன்று மேடையில் விசிறி மடிப்பாக விரிந்தது ஆரணிப் பட்டு. அதற்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. வேறு ஊர்ச் சரக்கை அந்தப் பேரில் விற்க முடியாது. நெய்த ஊருக்குக் கிடைத்த அந்தக் காவல், ஆடிய வீட்டுக்குக் கிடைக்கவில்லை.

தொகுப்பாளரே, அடுத்த அரங்கேற்றத்திலும் இரண்டாயிரம் ஆண்டைத் தாராளமாகச் சொல்லுங்கள். கூடவே 'சதிர்' என்று ஒரு தடவை சொல்லிவிடுங்கள். விலை குறைந்துவிடாது.