அனாமத்துல போட்டுரு, பேராண்டி

அட்டெயின்மென்ட், அதாவது பிள்ளைக நோக்கத்த எட்டுன அளவு, மூணுக்கு மூணு வரணும்னு ஒங்க பிரின்சிபால் கேக்குறாரா? இதுக்குப் போயா மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு வந்துருக்க? விருதுநகர்ல பருப்பு மண்டி, எண்ணெய் மண்டின்னு ஆயுசு பூரா பேரேடு எழுதுன கையிப்பா இது. இல்லாததை இருக்குறாப்ல காட்டணும்னா வேற யாருக்கிட்ட போவ? ஒக்காரு.

நீ சொன்னது எனக்கு வெளங்குச்சான்னு மொதல்ல ஒப்பிக்கிறேன். தப்பா இருந்தா மார்க்கக் கொறச்சுக்க. பி.காம். கணக்கியல்ல அஞ்சு அலகு. அலகுக்கு ஒண்ணா அஞ்சு 'கோர்ஸ் அவுட்கம்'. படிச்சு முடிச்ச பய இன்னின்னது செய்வான்னு காலேஜு எழுதிக் குடுக்குற பிராமிசரி நோட்டு. அதுல 'புரிந்துகொள்வான்'னு எழுதப்படாது, அளக்க முடியாதாம். 'தயாரிப்பான்', 'பகுத்தாய்வான்'னு எழுதணும். புளூம்னு ஒரு அமெரிக்க வாத்தியார் 1956ல போட்ட படிக்கட்டு, 2001ல திருத்துனது, மனப்பாடத்துல ஆரம்பிச்சு ஆறு படி ஏறுது. அப்பறம் அந்த அஞ்சையும் பட்டப்படிப்போட பெரிய நோக்கங்களோட கட்டம் போட்டு இணைக்கணும். கெட்டியாப் பொருந்துனா 3, சுமாருக்கு 2, லேசா ஒட்டுனா 1. 'வாடகைக் கொள்முதல்' பாடத்துக்கும் 'வாழ்நாள் முழுதும் கற்றல்'ங்கிற நோக்கத்துக்கும் நீ 3 போட்டுருக்க பாரு, அங்கதான்யா எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. நெசந்தான. தவணை கட்டுறவன் வாழ்நாள் பூரா கத்துக்கிட்டேதான் இருப்பான்.

இனி வழியச் சொல்றேன். 60 சதவீதப் பிள்ளைக 60 மார்க்கத் தாண்டுனா நோக்கம் நெறவேறிருச்சுன்னு ஒங்க துறையில வெச்சுருக்கீங்க. இந்த 60 யாரு வெச்சது? நாக் வெக்கலை. 1994லருந்து பெங்களூருல ஒக்காந்துக்கிட்டு, ஏழு தலைப்புல காலேஜுகளுக்குத் தரம் போடுறாங்களே, அவுக கேக்குறது நோக்கத்த எழுதி ஊரறியப் போட்டியா, எம்புட்டு எட்டுச்சுன்னு அளந்தியாங்கிறதுதான். உசரத்தக் குறிக்கிறது நீங்க. பெறகென்ன, 45ன்னு குறிச்சுக்க. தாண்டுறவனும் ஒம்பய, கயிறு பிடிக்கிறவனும் நீ.

ரெண்டாவது வழி நீ ஏற்கெனவே கண்டுபிடிச்சு வெச்சுருக்க, ஆனா அடக்கமா வெளியில சொல்ல மாட்டேங்கிற. கேள்வித்தாள்ல அஞ்சு பெரிய கணக்குக் குடுத்து, மூணு எழுதுனா போதும்கிறீங்க. கூட்டாண்மைக் கணக்குன்னா பாதி வகுப்பு அந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்காது. தெரிஞ்ச நாலு பிள்ளைக மட்டும் எழுதுதுக, நல்லாவும் எழுதிருதுக. ஒன் எக்ஸெல்லு எழுதுன ஆளுங்கள மட்டும் வகுத்துப் பாத்து, 'கூட்டாண்மை, 90 சதவீதம் எட்டியது'ங்குது. எங்க மண்டியிலயும் ஒரு பெரிய கணக்குப்பிள்ளை இருந்தாரு. பாக்கிப் பட்டியல் கேட்டா, குடுக்குறவன் பேர மட்டும் எழுதுவாரு, குடுக்காதவன் பேர எழுத மாட்டாரு. வசூல் எப்பவும் பிரமாதமா இருக்கும். வாராக்கடன்னு ஒரு வார்த்தையே அந்த மண்டியில கெடையாது. கடைசியில மண்டியும் கெடையாது.

சராசரி இன்னும் நல்ல மருந்து. மொத அலகுல 2.9, அஞ்சாவதுல 1.1, கூட்டி வகுத்தா 2. யாருக்கும் காயமில்ல. ஈடுசெய் பிழைன்னு நீயே பதினொண்ணாம் வகுப்புல படிச்சுருப்ப. ஒரு தப்ப இன்னொரு தப்பு மறச்சுக்கிரும், இருப்பாய்வு ரெண்டு பக்கமும் சமமா நிக்கும். இருப்பாய்வு பொருந்துறதால மட்டும் கணக்கு சரின்னு ஆயிராதுன்னு பலகையில எழுதிப் போடுறவனே, அதே கையோட ஸ்டாஃப் ரூமுக்கு வந்து சராசரி போடுறான் பாரு, அவன்தாம்பா நெசமான வித்தைக்காரன்.

ஒண்ணு கேக்கணும், கோவிச்சுக்காத. பாடம் நடத்துறது நீ. 25 மார்க்கு உள்மதிப்பீட்டுக்குக் கேள்வி எடுக்குறது நீ, திருத்துறதும் நீ. பய கத்துக்கிட்டானான்னு சான்று குடுக்குறதும் நீ. 75க்குப் பல்கலைக்கழகம் திருத்துதுங்கிற, சரி, அத விட்டுருவோம். ஆனா தணிக்கை வகுப்புல மொத வாரம் என்ன நடத்துற? காசு வாங்குறவன் கையில கணக்குப் புத்தகத்தக் குடுக்காதன்னுதான? தமிழ், வேதியியல், தாவரவியல்காரன் இதைச் செஞ்சா எனக்கு வருத்தமில்ல, அவனுக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டாங்க. வணிகவியல் துறை செய்யிறதுதான் அழகு.

சத்யம் கம்பெனிக் கதைய நீ பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் நடத்துனியாமே. 2009 ஜனவரி 7ஆம் தேதி அந்தத் தலைவரே கடுதாசி எழுதி ஒத்துக்கிட்டாரு. புத்தகத்துல ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி, அதுல 5,040 கோடி இல்லவே இல்ல. தணிக்கை பண்ணவங்க என்ன, வங்கிச் சரிகட்டும் பட்டியல் போடத் தெரியாதவங்களா? ஒம் பாஷையில சொன்னா எல்லா அவுட்கமும் மூணுக்கு மூணு எட்டுனவங்க. 2011ல அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் விசாரிச்சுச் சொன்னது என்னன்னா, இருப்பு நெசமான்னு வங்கிக்கு எழுதுற கடுதாசியையும், அங்கருந்து வர்ற பதிலையும் அந்தக் கம்பெனிக்காரங்க கையிலயே விட்டுட்டாங்க. யாரச் சோதிக்கணுமோ அவனே தபால்காரன். இத ஒரு மணி நேரம் உருகி உருகி நடத்திட்டு, மறுமணி நேரம் 'என் வகுப்பு நல்லா நடந்துச்சா'ன்னு நீயே பாரம் அடிச்சு, நீயே பிள்ளைககிட்ட குடுத்து, முன்னாலயே நின்னு வாங்கிக் கூட்டிப் போடுற. அட்டெயின்மென்ட்டுல அந்தக் கருத்துக்கணிப்புக்கு 20 சதவீதமாமே. கூட வெச்சாலும் வெச்சுக்க.

நாக் ஆய்வுக் குழு வர்றதப் பத்திப் பெருசாச் சொல்ல ஒண்ணுமில்ல. சுண்ணாம்பு அடிங்க, பூச்செண்டு வாங்குங்க. 3.51 வந்தா ஏ பிளஸ் பிளஸ். அளவு மீறி உபசரிச்சுராதீங்க, அம்புட்டுத்தான். 2025 பிப்ரவரியில லஞ்சப் புகார்ல ஆய்வுக்குழுக்காரங்களையே சிபிஐ கைது பண்ணுச்சுன்னு பேப்பர்ல பாத்தேன். தரம் பாக்க வந்தவங்கள எந்தத் தலைப்புல சேக்குறதுன்னு அந்த ஏழுலயும் தேடிப் பாத்தேன், இல்ல.

பய நெசமாக் கத்துக்கிட்டானான்னு பாக்கணும்னா? அதெல்லாம் ஒனக்கெதுக்கு. சரி, கேட்டுட்ட, சொல்லிர்றேன். மண்டியில புதுப் பையன் வந்தா எங்க மொதலாளி ஒரு மாசச் சிட்டையும் பேரேட்டையும் குடுப்பாரு. உள்ளுக்குள்ள ஒரு தப்ப வேணும்னே வெச்சுருப்பாரு. 27 ரூவா இடிக்கும். பையன் ஒவ்வொரு வரியா மேய ஆரம்பிச்சா, சரி, உழைப்பாளி. 27 ஒம்பதால வகுபடுதேன்னு யோசிச்சு, 63ஐ 36ன்னு எங்கயோ மாத்தி எழுதிருக்காங்கன்னு அந்த மாதிரி எண்ணா மட்டும் தேடுனா, அவன் கணக்குப்பிள்ளை. வித்தியாசம் ரெண்டால வகுபட்டா, பாதித் தொகை பக்கம் மாறி ஏறிருக்கான்னு பாப்பான். ஒன் வகுப்புல கேட்டா என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும். 'தப்பு கெடைக்கிற வரைக்கும் வித்தியாசத்த அனாமத்துக் கணக்குல போட்டுரலாம் சார்.' அதுக்கும் ரெண்டு மார்க்கு இருக்கு.

சிட்டை பழசுங்கிறியா? இப்ப உள்ளதக் குடு. நாப்பது கொள்முதல் பில்லையும், வித்தவங்க கணக்குக் காட்டுன பில்லெல்லாம் ஏறுற ஜிஎஸ்டிஆர் 2பி தாளையும் பய முன்னால போடு. அதுல மூணு பில்லு தாள்ல ஏறலை. எது, யாருக்குப் போன் பண்ணணும், இந்த மாசம் அந்த வரிய எடுத்துக்கலாமா கூடாதா? சாய்ஸ் கெடையாது. திருத்துறதுக்குப் பக்கத்து ஊர்க் காலேஜ் வாத்தியாரையோ, பஜார்ல இருக்குற ஆடிட்டரையோ கூப்பிடு. மொத வருசம் பத்துப் பேரு தேறுவான். அந்தப் பத்த அப்படியே எழுதி, எங்க நொண்டுதுன்னு பாத்து, பாடத்த மாத்தி, அடுத்த வருசம் மறுபடி அளக்கணும். நீ காட்டுன அந்த வட்டப் படத்துல கடைசி அம்புக்குறி அதானப்பா? அம்பு மட்டும் நல்லா வரைஞ்சுருக்க, செவப்பு மையில.

ஆனா பத்துன்னு எழுதுனா பிரின்சிபால் சும்மா விடுவாரா? மாட்டாரு. அதனால நீ எக்ஸெல்லயே போ. இங்க திருப்பு அத, நானும் பாக்குறேன். ஏப்பா, இந்தப் பக்கத்துல மூணாவது அவுட்கம் 2.61னு இருக்கு, மொத்தச் சுருக்கத்துல 2.16னு இருக்கு. புள்ளிய விட்டுப் பாத்தா ரெண்டுக்கும் 45 வித்தியாசம். வகுத்துப் பாரு. ஒம்பதால போகுதா? போகும், போகும். எது சரின்னு தேடிக்கிட்டுக் கெடக்காத. பெருசா இருக்குறதையே வெச்சுக்க.