பிலிப்பு மகாராசாவின் இலவச மொழி வகுப்பு

திருகோணமலையில் ஸ்பானிய மொழி வகுப்பு தொடங்கியது 1622 இல். நோட்டீஸ் இல்லை, கட்டணம் இல்லை. ஆசிரியர்மார் துவக்கோடு வந்து இறங்கி, வகுப்பறைக்கு இடம் போதாதென்று கோணேசர் கோயிலை இடித்தார்கள்.

"வந்தவன் போர்த்துக்கேயன் அல்லவா, ஸ்பெயினை ஏன் இழுக்கிறீர்?" என்று சரித்திர வாத்தியார்மார் எழும்புவார்கள். கொஞ்சம் இருங்கள் ஐயா. 1580 முதல் 1640 வரை போர்த்துக்கலுக்குத் தனி ராசா கிடையாது. ஸ்பெயின் ராசாதான் அதற்கும் ராசா. அந்த நேரம் சிம்மாசனத்தில் இருந்த பிலிப்பு, மத்ரித்தில் நான்காம் பிலிப்பு, லிஸ்பனில் மூன்றாம் பிலிப்பு. ஆள் ஒன்று, இலக்கம் இரண்டு. வயது பதினேழு. கோணமலை எந்தத் திசையில் கிடக்கிறது என்பதுகூட அந்தப் பொடியனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் போர்த்துக்கேயர் இங்கே கோட்டை கட்டிய 1624 முதல் அதைப் பறிகொடுத்த 1639 வரை, ஒரு நாள் மிச்சமில்லாமல் எல்லாம் அவன் கணக்கில்தான் வரும். ஆகவே வகுப்பை ஸ்பானிய வகுப்பு என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. மறுப்பவர்கள் மத்ரித்துக்கு எழுதிக் கேட்கலாம்.

படைத் தலைவன் பெயர் கொன்ஸ்தந்தீனோ த சா. சித்திரை வருடப் பிறப்பன்று சுவாமி ஊருக்குள் ஊர்வலம் போயிருந்த வேளை பார்த்து, அவனுடைய ஆட்கள் பிராமண வேடம் போட்டுக்கொண்டு கோயிலுக்குள் நுழைந்தார்கள் என்பது எங்கள் ஊர் வழக்கு. எங்கள் பண்பாட்டில் பறங்கி காட்டிய முதல் ஈடுபாடு அதுதான்: பூணூல். மந்திரம் ஏதும் பாடமாக்கியதாகத் தகவல் இல்லை. வாயைத் திறந்திருந்தால் அகப்பட்டிருப்பான்.

இடித்த கல்லில் ஒரு பகுதி கோட்டைச் சுவராயிற்று. இன்னொரு பகுதி கடலுக்குள் போயிற்று. 1956 இல் மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் கோயில் நின்ற சுவாமிமலைக்குக் கீழே சுழியோடி, தூணும் சிற்பக் கல்லும் கிடப்பதைக் கண்டு உலகத்துக்குச் சொன்னார்கள். எங்கள் மீன்பிடிகாரருக்கு உலகம் அதற்கு முன் காது கொடுக்கவில்லை. கோட்டை வாசலில் இன்றைக்கும் இரட்டை மீன் செதுக்கிய கல் ஒன்று பதிந்திருக்கிறது. பறங்கி வந்து கோயிலை உடைப்பான் என்று அங்குள்ள கல்வெட்டில் முன்கூட்டியே எழுதியிருப்பதாக வாசிப்பவர்கள் வாசிக்கிறார்கள். அது உண்மையானால், உலகத்திலேயே குற்றவாளி தானே தூக்கிவந்து தன் வாசலில் பதித்த முதல் குற்றப்பத்திரிகை அதுதான். வாசிக்கத் தெரியாதவன் கல்லெடுத்தால் இப்படித்தான். இப்போது அந்த வாசலால் புள்ளிமான்கள் உள்ளே வந்து, கோயிலுக்குப் போகிறவர்களின் கையிலிருக்கும் வாழைப்பழத்தையும் அர்ச்சனைச் சீட்டையும் பேதமில்லாமல் தின்கின்றன.

வகுப்புக்கு வருவோம். பாடம் எங்கே தொடங்கியது என்றால், காலில். சித்திரை வெயிலில், கடற்கரை மணல் பொரிகிற மாதத்தில், சப்பாத்து, அதற்குள் மேசு, அதற்கு மேலே களிசான் என்று ஒரு மனிதன் வந்து நின்றால், வேட்டியோடு நின்ற எங்கள் ஆள் முதலில் பயந்திருக்கமாட்டான், பரிதாபப்பட்டிருப்பான். பிறகு பெயர் கேட்டிருப்பான். பொருளோடு பெயரும் இறங்கிற்று. நிலத்தில் பாய் விரித்து இருந்த ஊருக்குள் கால் முளைத்த சாமான்கள் ஒவ்வொன்றாக வந்தன. மேசை வந்தது, கதிரை வந்தது, வாங்கு வந்தது, அலுமாரி வந்தது. அலுமாரியைப் பூட்டத் திறப்பு வேண்டுமே, சாவியும் வந்தது. எட்டிப் பார்க்க ஜன்னல். முகம் துடைக்க லேஞ்சி, குளித்துவிட்டுத் துடைக்கத் துவாய். கடைசியாக, ஒன்றும் விற்காமல் மிஞ்சியதைக் கூவி விற்க ஏலம்.

இவற்றை மன்னிக்கலாம். புதுச் சாமான், புதுப் பெயர். எனக்கு விளங்காதது குசினி. அடுப்பும் எங்களிடம் இருந்தது, அடுக்களை என்ற அழகான சொல்லும் இருந்தது. பிறகெதற்குக் குசினி? பறங்கி வீட்டில் வேலைக்குப் போன யாரோ ஒருத்தி வீடு திரும்பி, தன் அடுக்களையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி "எங்கட துரை வீட்டுக் குசினி எண்டால்..." என்று தொடங்கியிருக்கவேண்டும். பக்கத்து வீட்டுக்காரி விடுவாளா? அடுத்த நாள் அவளிடமும் குசினி இருந்தது. அடுப்பு மட்டும் பழையது.

ஒன்றைக் கவனியுங்கள். வந்தவை ஏறக்குறைய எல்லாமே பெயர்ச்சொற்கள். நட, எடு, தூக்கு, கழுவு, தை, வெட்டு இவையெல்லாம் எங்களுடையவையாகவே இருந்தன. துவக்கு வைத்திருப்பவனுக்கு வினைச்சொல் எதற்கு? கதிரையைக் காட்டி "கதிரை" என்றால் போதும். தூக்கிவந்து போடுவது எப்படியென்று தூக்குகிறவனுக்குத் தெரியும். ஏலத்துக்குக்கூட "போடு" என்று பின்னால் ஒட்டிக் கொடுத்தவர்கள் நாங்கள்தான்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினோம் என்றும் இல்லை. ஸ்பெயின்காரன் அமெரிக்காவில் கண்டெடுத்து, போர்த்துக்கேயன் கப்பலில் ஏற்றிக்கொண்டுவந்த காய் ஒன்றைக் கடித்துப் பார்த்தோம். கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகு மாதிரி உறைக்கிறது, பார்த்தால் காய், ஆகவே மிளகாய் என்று நாங்களே பெயர் சூட்டிவிட்டோம். அன்னாசியும் கொய்யாவும் பப்பாசியும் அவர்கள் பெயரோடு வீட்டுக்குள் வந்தன. உயிரான சாமானுக்கு மட்டும் பெயரை விட்டுக்கொடுக்கவில்லை.

வகுப்பு எந்த அளவுக்குப் பரவியது என்பதற்குக் கண்டி அரண்மனையே சாட்சி. இரண்டாம் இராஜசிங்கன் போர்த்துக்கேய மொழியை நன்றாகக் கற்றவன். போர்த்துக்கேயரை விரட்டித் தரும்படி 1636 இல் பழவேற்காட்டிலிருந்த ஒல்லாந்தருக்குக் கடிதம் அனுப்பினான். எந்த மொழியில்? போர்த்துக்கேய மொழியில்தான். வாத்தியாரை வெளியேற்றக் கோரும் மனுவை வாத்தியார் சொல்லித்தந்த மொழியிலேயே பிழையில்லாமல் எழுதும் மாணவனைப் பார்த்துப் பெருமைப்படுவதா, அழுவதா?

ஒல்லாந்தர் வந்தார்கள். 1639 இல் கோட்டை கைமாறியது. அதற்கு முன் 1620 இல் டென்மார்க்காரரும் ஒருமுறை வந்து, இடம் பார்த்து, பேரம் படியாமல் தரங்கம்பாடிக்குப் போனார்கள்; அவர்கள் எங்களுக்கு ஒரு சொல்லும் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஒல்லாந்தருக்கு வந்த தலையிடி வேறு. சண்டையில் வென்ற பிறகு பார்த்தால், சொந்த வீட்டில் பெண்சாதியும் பிள்ளையும் வேலைக்காரரும் போர்த்துக்கேயமே கதைக்கிறார்கள். டச்சு மொழி தெரியாத அடிமையின் தலைமயிரைக் கத்தரிக்கும்படி கட்டளைகூடப் போட்டுப் பார்த்தார்கள். மயிர் குறைந்தது, மொழி குறையவில்லை. ஒல்லாந்தர் எங்கள் ஊரில் நிலைக்கவிட்ட சொற்களில் முக்கியமானவை இரண்டு: கந்தோர், கக்கூசு. ஒன்று வேலைக்குப் போகிற இடம், மற்றது வேலைநேரத்தில் போகிற இடம்.

இதே மாவட்டத்தில், கொட்டியாரக் குடாவுக்கு அக்கரையில், உண்மையாகவே மொழி படித்த வெள்ளைக்காரர் ஒருவரும் உண்டு. அவர் விரும்பி வரவில்லை. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் அடித்த புயலில் 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பலின் பாய்மரம் முறிந்தது. புது மரம் தேடிக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தார்கள். 1660 ஏப்ரலில் மூதூர்ப் பக்கத்தில் கண்டி மன்னனின் ஆட்கள் கப்பல் தலைவர் நொக்சையும் அதே பெயருடைய மகன் றொபேட் நொக்சையும் பிடித்தார்கள். மகனுக்குப் பத்தொன்பது வயது. கப்பலுக்குச் செய்தி சொல்லிவர அவனைத்தான் அனுப்பினார்கள். போனவன் அப்படியே ஓடியிருக்கலாம். தகப்பன் கரையில் இருக்கிறாரே என்று திரும்பி வந்தான். நல்ல பிள்ளை. பத்தொன்பது வயதில் வந்தவன் இன்னொரு பத்தொன்பது வருடம் தங்கவேண்டியதாயிற்று.

அந்தப் பையன் மொழி படித்த முறை எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் இல்லை. மன்னன் கட்டளைப்படி ஊர்க்காரர் சோறு போட்டார்கள்; ஆகவே முதற்பாடம் சோறு, அடுத்தது "இன்னும் கொஞ்சம்" என்று நான் ஊகிக்கிறேன். பிறகு தொப்பி பின்னி விற்றான், கோழியும் பன்றியும் வளர்த்தான், நெல்லை வட்டிக்குக் கொடுத்தான். வட்டிக்குக் கொடுத்தவனுக்கு மொழி வராமல் இருக்குமா? போன போகத்தில் வாங்கியதை இந்தப் போகத்தில் தருவதாகச் சொன்னவனிடம் போய், ஏன் தரவில்லை, எப்போது தருவாய், தராவிட்டால் என்ன செய்வேன் என்று கேட்க முக்காலமும் வேண்டும். பறங்கிக்குத் தேவைப்படாத வினைச்சொல் எல்லாம் நொக்சுக்குத் தேவைப்பட்டது. பெண்களைத் தராதரம் பார்த்து அழைக்கச் சிங்களத்தில் பத்துப் பன்னிரண்டு சொற்கள் இருப்பதைக்கூட 1681 இல் லண்டனில் வெளியான தன் புத்தகத்தில் அவன் எழுதிவைத்தான். ஆனால் அவன் பிடிபட்டது தமிழ் ஊர்க் கரையில், படித்தது மலைநாட்டுச் சிங்களம். 1679 இல் வியாபாரி போல நடித்துத் தப்பி அநுராதபுரம் வந்தால், அங்கே இருந்தவர்கள் தமிழர். அத்தனை வருடப் படிப்பும் அந்த இடத்தில் செல்லாக்காசு. இடையில் நின்று பேச ஆள் தேவைப்பட்டது. கொட்டியாரத்திலேயே நாலு சொல் தமிழ் கேட்டுவைத்திருக்கலாம்.

பிலிப்பு மகாராசாவின் வகுப்பு என்னவாயிற்று? அதன் கடைசி வாங்கு திருகோணமலைப் பாலையூற்றில் இருக்கிறது. போர்த்துக்கேயத் தகப்பன்மாருக்கும் இவ்வூர்த் தாய்மாருக்கும் பிறந்தவர்களின் வழிவந்த பறங்கியர் அங்கேயும் மட்டக்களப்பிலும் வாழ்கிறார்கள். தச்சு வேலை, இரும்பு வேலை, தையல் என்று கைவேலையில் பேர் எடுத்தவர்கள். கல்யாண வீட்டில் வயலின் எடுத்தால் விடியும்வரை ஆட்டம் நிற்காது. முதியவர்கள் வீட்டில் கதைக்கும் மொழியின் சொற்கள் லிஸ்பனில் இருந்து வந்தவை. ஆனால் வாக்கியம் போகிற போக்கைப் பாருங்கள். அவனுக்குப் பணம் கொடுத்தேன் என்று சொல்லவேண்டுமா, போர்த்துக்கலில் கொடுத்தேன் முன்னே வந்துவிடும். பாலையூற்றில் அது எங்களைப் போலவே கடைசியில் வந்து உட்காரும். பெயருக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்ற 'பாரா' என்ற சொல், இங்கே 'ப' என்று சுருங்கி, பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, எங்கள் 'கு' செய்கிற வேலையைச் செய்கிறது. மேசை பெண், சப்பாத்து ஆண் என்ற ஐரோப்பிய வம்பும் போய்விட்டது. தகப்பன் சாமான்களின் பெயரைச் சொல்லிக்கொடுத்துவிட்டுக் காவலுக்குப் போனான். குசினியில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டிருந்த தாய் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டாள். இயன் சிமித் என்ற ஆய்வாளர் 1970களில் மட்டக்களப்பில் இருந்து இதை விரிவாக ஆராய்ந்தார். அண்மையில் லிஸ்பனிலிருந்தே ஊகோ கார்தோசோ என்ற பேராசிரியர் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து, பிள்ளைகளிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார். கோயிலை இடிக்காமல் வந்தார் என்பதைப் பதிவுசெய்ய வேண்டும்.

நாங்களும் சொற்களைத் திருப்பிக் கொடுக்க முயலாமல் இல்லை. பாணுக்கு வெதுப்பி என்று பெயர் வைத்தோம், கடைக்கு வெதுப்பகம் என்று பலகை எழுதினோம். பலகையை அண்ணாந்து வாசித்துவிட்டு உள்ளே போகிறவர் கேட்பது, "அண்ணை, சூட்டுப் பாண் இருக்கே?"

ஆங்கிலம் படிப்பிக்க ஸ்பெயின் பக்கம் போகும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கவனிக்க: அகராதி வாங்கிக் காசை வீணாக்கவேண்டாம். மேசை, சப்பாத்து, பாண், துவாய், குசினி, வாங்கு இவற்றைத் துணிந்து சொல்லுங்கள். உச்சரிப்பைக் கொஞ்சம் நசித்தால் மத்ரித்தில் விளங்கும். ஜன்னலும் சாவியும் அங்கே செல்லாது, அவை தனிப் போர்த்துக்கேயம். மெக்சிக்கோவில் வேலை கிடைத்தால் கடையில் களிசான் கேட்காதீர்கள், உள்ளுடுப்பை எடுத்து நீட்டுவார்கள். முக்கியமாக, யார் வீட்டுக்குப் போனாலும் உட்காரக் கதிரை கேட்கவேண்டாம். ஸ்பானிய மொழியில் அது இடுப்பு.