கைகுலுக்கியாச்சு, அப்புறம்?

தொழில்முறைச் சங்கங்கள் கூடி, கோர்ட்டுக்கு வெளியே நடுவரை வைத்துத் தகராறு தீர்க்கும் ‘ஆர்பிட்ரேஷனை வளர்ப்போம்’ என்று ஒப்பந்தம் போடுகின்றனவே... அந்த ஒப்பந்தத்திலேயே தகராறு வந்தால்?
- கும்பகோணம் வாசகர்

ஆர்பிட்ரேஷனுக்குத்தான் போக வேண்டும். அது ரகசியமாக நடக்கும் என்பதால், யார் ஜெயித்தார்கள் என்று நமக்குத் தெரியாது!

கூட்டு சேராமல் ஆர்பிட்ரேஷன் வளராது என்பதும் நிஜம். 1892-ல் லண்டன் சிட்டி மாநகராட்சியும் வர்த்தக சபையும் சேர்ந்துதான் அங்கே நடுவர் மன்றம் தொடங்கின. நடுவர்களுக்கான சங்கம் அதே ஊரில் 1915-லேயே பிறந்துவிட்டது. ஆனால் அந்தச் சங்கம் மூன்றாவது கூட்டாளியாக அந்த மன்றத்தின் நிர்வாகத்தில் சேர்ந்தது 1975-ல்! ஊரார் சண்டையைத் தீர்க்கிறவர்கள் ஒன்றுசேர 60 வருஷம்.

கட்டடத் தகராறுக்கு இன்ஜினீயரே நடுவராக இருந்தால்?
- ஓசூர் வாசகி

விரிசலைப் பார்த்ததும் சிமென்ட் குறையா, மண் குறையா என்று யோசிப்பார். வாய்தா யோசனை வராது.

ஆர்பிட்ரேஷனில் 12 மாதத்தில் தீர்ப்பு வந்துவிடுமாமே?
- தேனி வாசகர்

உள்நாட்டு வழக்கென்றால், இரு தரப்பு மனுக்களும் தாக்கலாகி முடிந்த நாளிலிருந்து 12 மாதம் என்கிறது நம் சட்டம். இருவரும் சம்மதித்தால் இன்னும் 6 மாதம். அதற்கும் மேல் அவகாசம் வேண்டுமா? கோர்ட்டுக்குப் போய்த்தான் கேட்க வேண்டும்!