மூக்கால் குடிப்பவர்

நம் ஊர்க் கணக்கில் ஆண்கள் இரண்டே கட்சி. குடிக்கிறவன், குடிக்காதவன். பெண் கொடுப்பதற்கு முன்னால் தெருமுனை டீக்கடையில் விசாரிப்பதும் இதைத்தான். என் சகலை இந்த இரண்டு கட்சியிலும் சேராதவர். ஒரே ஒரு கிளாஸ் பேல் ஏலை முன்னால் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். பாதியை மூக்கால் குடிப்பார், கால்வாசியைக் கண்ணால் குடிப்பார், மிச்சம் மீதிதான் வாய்க்குப் போகும். குடிகாரர் என்ற முறையில் பார்த்தால் மனிதர் சுத்தமாகத் தேறமாட்டார். ஆனால் "என்ன சகலை, பீர்தானே?" என்று கேட்டுவிட்டால் போச்சு. குடிகாரப்பயல் என்று திட்டியிருந்தால்கூட அவர் அத்தனை நொந்திருக்க மாட்டார்.

நாற்பதைத் தாண்டிய ஆணை ஏதோ ஒன்று பிடிக்கும். சிலரைச் சர்க்கரை, சிலரை ஆன்மிகம். கலிஃபோர்னியாவில், ஃப்ரீமாண்டில், பத்து வருஷமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த சகலையைப் பீருக்கு வாசனை தருகிற ஹாப்ஸ் பிடித்தது. அதற்கு முன்பு கேமரா லென்ஸ் பிடித்திருந்தது. அதற்கும் முன்பு மாரத்தான். அந்த ஷூ இன்னும் கராஜில் கிடக்கிறது. இவரை என் சகலை என்று நினைத்துத் தப்பித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் ஆபீஸில் ஒருவர் இருப்பார், உங்கள் மச்சினன் ஒருவர் இருப்பார். பெங்களூரு பக்கம் போனால் மேசைக்கு ஒருவர் இருப்பார்.

முதல் நாள் அவர் வீட்டில் போய் இறங்கியபோது, பிரயாணக் களைப்புக்கு ஜில்லென்று ஏதாவது கிடைக்கும் என்று நானும் நாக்கைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தேன். ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு கேனை எடுத்தார். திறக்கவில்லை. தலைகீழாகத் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அடியில் அச்சடித்திருந்த தேதியைப் படித்தார். ஜாதகத்தில் லக்னம் பார்க்கும் முகம். "ஆறு வாரம்" என்றார். அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. ஹாப்ஸ் வாசனை பச்சைக்குழந்தை மாதிரி, வெயில் ஆகாது, சூடு ஆகாது, நாள்பட்டால் ஆகவே ஆகாது என்று விளக்கினார். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புச் சத்து உடைந்து ஸ்கங்க் என்ற பிராணியின் நாற்றம் வருமாம். பீர் பாட்டிலுக்குப் பழுப்பு நிறம் அதனால்தானாம். பச்சை பாட்டிலில் அடைத்து விற்பவர்களைப் பற்றி அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அடுத்து கிளாஸ். வீட்டில் மற்ற பாத்திரங்களைத் தேய்க்கும் நார் அதன்மேல் படக்கூடாது. அதற்கென்று தனி நார், தனி ஆணி. துளி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் கிளாஸின் உள்பக்கம் குமிழி ஒட்டிக்கொண்டு காட்டிக்கொடுத்துவிடும். நுரையும் சட்டென்று அடங்கிவிடும். இது உண்மைதான், நானே பார்த்தேன். ஏனென்றால் அன்றைக்கு ஒட்டியிருந்தது. விசாரணை நடந்தது. மத்தியானம் என் மனைவியின் அக்கா அந்த கிளாஸில்தான் பையனுக்கு மோர் கொடுத்திருக்கிறாள். "மோருக்கு என்ன, வாய் புளிக்குமா? அலமாரியில் கைக்கு எட்டினது அதுதான்" என்றாள். சகலை ஒன்றும் சொல்லவில்லை. கிளாஸை எடுத்துக்கொண்டு ஸிங்க்குக்குப் போன நடையில், துக்க வீட்டிலிருந்து வருகிறவரின் தளர்ச்சி இருந்தது.

ஒருவழியாக ஊற்றினார். சாய்த்து, நிமிர்த்தி, இரண்டு விரற்கடை நுரை நிற்கும்படி. நிறம் வெளிச்சத்தில் நல்லெண்ணெய் மாதிரி இருந்தது. கையை நீட்டினேன். "இருங்க" என்றார். ரொம்ப ஜில்லென்று இருந்தால் வாசனை எழும்பாதாம். இரண்டு உள்ளங்கையாலும் கிளாஸைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் சூடேற்றினார். பிறகு மூக்கை உள்ளே விட்டார். மூக்கென்றால் நுனிமூக்கு இல்லை. கண்ணாடி நுரையில் படுகிற அளவுக்கு. கண் மூடியது. மார்கழிக் கச்சேரியில் முன்வரிசை மாமா, ராகம் பிடிபட்ட நிமிஷத்தில் பக்கத்துச் சீட்டுக்காரரைப் பார்ப்பாரே, அந்தப் பார்வையோடு நிமிர்ந்து, "என்ன வருது சொல்லுங்க?" என்றார்.

நான் ஒரு மடக்குக் குடித்துப் பார்த்து, மனதில் பட்டதைச் சொன்னேன். "கசக்குது."

இந்தப் பதிலுக்கு அவர் முகம் போன போக்கை நான் மறக்க முடியாது.

பிறகு அவரே சொல்லிக்கொடுத்தார். முதலில் கிரேப்ஃப்ரூட் தோல். (பம்ப்ளிமாஸ்தானே என்று நான் கேட்டதும், அது இல்லை, அதற்கும் ஆரஞ்சுக்கும் பிறந்தது என்று திருத்தினார்.) அதன் பின்னால் பைன் மரப் பிசின். அதற்கும் பின்னால், ஒதுங்கி நிற்கிற மாதிரி, ஏதோ ஒரு வெள்ளைப் பூ. அடியில் பிஸ்கட் வாசனையோடு மால்ட். நானும் தேடினேன். பிஸ்கட் கிடைத்தது. பூ கிடைக்கவில்லை. சில ரக ஹாப்ஸில் பூனை மூத்திர வாடை வருமென்று புத்தகங்களிலேயே எழுதியிருக்கிறதாம். அதையும் ரசிக்கிறவர்கள் உண்டாம். எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் அது இலவசமாகக் கிடைத்த காலத்தில் யாரும் ரசித்ததாக ஞாபகம் இல்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மனிதர் பிதற்றவில்லை. படித்துவிட்டுத்தான் பேசுகிறார். ஹாப்ஸ் என்பது நம் வெற்றிலைக் கொடிக்கால் மாதிரி கயிற்றில் ஏற்றிவிடுகிற கொடி. வாஷிங்டன் மாநிலத்து யாக்கிமா பள்ளத்தாக்கில் ஏக்கர் ஏக்கராக நிற்கிறது. பெண்கொடியில் காய்க்கிற பச்சைக் கூம்பைப் பிய்த்தால் உள்ளே மஞ்சள்பொடி. கசப்பும் வாசனையும் அதில்தான். தாவரக் குடும்பத்தில் கஞ்சாவுக்கு நெருங்கின உறவு. ("இதை மட்டும் அத்தையிடம் சொல்லிடாதீங்க" என்று மாமியாருக்குப் பயந்து இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.) கசப்பு வேண்டுமென்றால் கொதியின் ஆரம்பத்திலேயே போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். ஆனால் அத்தனை நேரம் கொதித்தால் வாசனை ஆவியோடு போய்விடும். ஆகையால் வாசனைக்கு வேறு ஒரு கைப்பிடி, கடைசியில், இறக்கும் சமயத்தில். இன்னும் வேண்டுமென்றால் ஆறிப் புளித்த பிறகு பச்சையாகவே போட்டு ஊறவைப்பார்கள். "ரசம் மாதிரிதான் சகலை. புளித்தண்ணி கொதிக்கணும். பொடி போட்டு நுரைகூடினதும் கொத்தமல்லியைக் கிள்ளிப்போட்டு இறக்கிடணும். அதுக்கப்புறம் கொதிச்சா ரசம் செத்துது" என்றார். அவர் இத்தனை வருஷத்தில் சொன்ன உவமைகளில் இது ஒன்றுதான் என் மண்டையில் ஏறியது. சும்மா சொல்லக்கூடாது, அடுத்த மடக்கில் அந்தக் கொத்தமல்லி இருக்கிற இடம் எனக்கே தெரிந்தது.

இரண்டாவது சனிக்கிழமை தலயாத்திரை. ஃப்ரீமாண்டிலிருந்து வடக்கே மூன்று மணி நேரத்துக்கு மேல் காரில் போனால் சீகோ என்று ஒரு ஊர். அங்கே கென் கிராஸ்மன் என்பவர் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடை வைத்திருந்து, 1980இல் பால்பண்ணையின் பழைய பாத்திரங்களையெல்லாம் ஒட்டுப்போட்டு சியரா நெவாடா பீர் ஆலையை ஆரம்பித்தார். பேல் ஏல் மனதுக்குப் பிடித்த மாதிரி வரும்வரை காய்ச்சியதையெல்லாம் கீழே கொட்டினாராம். இந்த இடத்தைச் சொல்லும்போது சகலைக்குத் தொண்டை அடைத்தது. மொத்த அமெரிக்காவும் தண்ணீருக்கு அண்ணன் மாதிரி ஒரு லாகர் பீரைக் குடித்துக்கொண்டிருந்த காலத்தில், 1972இல் வெளிவந்த காஸ்கேட் என்ற ஹாப்ஸை அள்ளிப்போட்டு, இப்படி மூக்கில் அறைகிற மாதிரி ஒன்றைக் காய்ச்ச ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும்தான். அந்தப் பேல் ஏலின் கசப்பு அளவு 38. சாதாரண லாகர்கள் பலவற்றில் பத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

வழியெல்லாம் ஸ்தலபுராணம். வீட்டில் பீர் காய்ச்சுவது அமெரிக்காவில் ஒரு காலத்தில் குற்றம். அதை நீக்கிய சட்டத்தில் 1978இல் கையெழுத்திட்டவர் ஜிம்மி கார்ட்டர். எகிப்தையும் இஸ்ரேலையும் கைகுலுக்க வைத்ததெல்லாம் சகலையின் சரித்திரத்தில் அடிக்குறிப்பு. "மனுஷன் இந்த ஒரு கையெழுத்துக்கே நோபல் வாங்கியிருக்கணும்" என்றார். வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி, "கையெழுத்துன்னதும் ஞாபகம் வருது, பையன் ஸ்கூல் ஃபாரம் நாலு நாளா மேஜைமேலே கிடக்கு" என்றாள்.

அங்கே போனால், பளபளவென்று செப்புக் கொப்பரைகள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். செருப்பைக் கழற்றிவிடுவாரோ என்று எனக்கு உள்ளூர பயம். கழற்றவில்லை, கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் இல்லை. ஆனால் ஒரு நிமிஷம் அசையாமல் நின்றார். அங்கேயும் குடித்தது ஒரே கிளாஸ்தான்.

திரும்பும் வழியில் இந்தியா பேல் ஏலுக்கு வந்தார். "பேரிலேயே இந்தியா. நம்ம சொத்து சகலை இது." எனக்கு இதில் சம்மதமில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கு லண்டன் ஹாட்ஜ்சன் போன்றவர்கள் காய்ச்சி அனுப்பிய பீர், ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் கப்பலில் வந்தது. பண்டம் கெடாமல் இருக்க ஹாப்ஸ் தூக்கல். குடித்தவர்கள் கம்பெனி துரைகள். மெட்ராஸில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பலில் வந்த எதுவும் மசூலா படகில் ஏறி, அலையில் தூக்கியடிபட்டுத்தான் கரை சேர வேண்டும். ஆக, நம்மவர்களுக்கு அந்தப் பீரோடு இருந்த சம்பந்தம் பீப்பாயைத் தூக்கின சம்பந்தம். இதைச் சொன்னேன். சகலை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தூக்கினவன் மோந்தாவது பார்த்திருப்பான்" என்றார்.

அவரிடம் ஒரு நோட்டு இருக்கிறது. குடித்ததற்கெல்லாம் தேதி, இடம், மார்க். மார்க் ஐந்துக்கு, கால் கால் புள்ளியாக. "பைன் தூக்கல், முடிவு வறட்சி, 3.75" என்ற தினுசில் பக்கம் பக்கமாக. பையனின் கணக்குப் பரீட்சை மார்க் அவருக்கு மனப்பாடமில்லை. நடுவில் ஒரு பக்கத்தில் மிளகாய் பஜ்ஜி என்று எழுதி அடித்திருந்தது. கேட்டேன். கசப்பும் காரமும் சேர்ந்தால் காரம் இரண்டு மடங்காக எரியும் என்பதை அவர் கண்டுபிடித்த நாள் அது. அன்றிலிருந்து சைடு டிஷ் என்றால் உப்பில்லாத பிஸ்கட்டும் சீஸும். கிளாஸை எடுத்தால் ஊறுகாயைத் தேடுகிற பரம்பரை என்னுடையது. நான் என்ன பாடுபட்டிருப்பேன் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு வந்தால் இன்னும் கஷ்டம். போன வருஷம் சென்னையில் ஒரு கடைக்கு அவரோடு போனேன். பாட்டிலில் தேதி எங்கே என்று அவர் திருப்பித் திருப்பித் தேடினார். கடைக்காரருக்கு இருந்தது ஒரே கேள்வி: "கூலிங்கா, சாதாவா?" சீகோ லேபிளில் மலையும் ஓடையும் படமாக இருக்கும். நம் லேபிளில், குடிப்பது உடல்நலத்துக்குக் கேடு, குடித்துவிட்டு வண்டி ஓட்டாதே என்று பளிச்சென்று எழுதியிருக்கும். சகலை அதை முழுக்கப் படித்துவிட்டு, "வாசனையைப் பத்தி ஒண்ணுமே போடலியே" என்றார்.

இந்த மனிதரை எல்லாரும் சகித்துக்கொண்டுவிட்டார்கள், அத்தையைத் தவிர. ஆறு மாதத்துக்கு வந்திருந்த அத்தையின் அகராதியிலும் இரண்டே கட்சிதான். மூத்த மாப்பிள்ளை எந்தக் கட்சி என்பது வந்த அன்றைக்கே முடிவாகிவிட்டது. ரசிகர் என்ற விளக்கமெல்லாம் எடுபடவில்லை. "ரசிக்கிறவர் கோயிலுக்குப் போய் நாதஸ்வரம் கேக்கட்டும்" என்று மகளிடம் சொன்னாராம்.

ஆனால் இரண்டு பேருக்கும் கராஜ் பொது. அங்கே ஒரு பழைய ஃப்ரிட்ஜ். மேல்தட்டில் கேன்கள், கீழ்த்தட்டில் அத்தையின் இட்லி மாவு. அந்த ஊர்க் குளிரில் மாவு பொங்காது என்பதால், அரைத்த மாவை ராத்திரி ஹீட்டர் பக்கத்தில் வைத்துவிட்டு, படுக்கப் போகுமுன் ஒரு தடவை வந்து பதம் பார்ப்பார். சகலை கிளாஸோடு உட்காருவதும் அதே நேரம், அதே கராஜ்.

நான் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி, பெட்டி கட்ட கயிறு தேடிக்கொண்டு உள்ளே போனேன். இந்த மூலையில் சகலை, கிளாஸுக்குள் மூக்கு, கண் மூடியிருக்கிறது. அந்த மூலையில் அத்தை, தூக்கைத் திறந்து குனிந்து, மாவுக்குள் மூக்கு, கண் மூடியிருக்கிறது. ஒருவருக்கொருவர் முதுகு. நான் கயிற்றையும் மறந்து நின்றேன்.

அத்தை நிமிர்ந்து, யாரிடமும் இல்லாமல், "புளிச்சுப்போச்சு" என்றார். தூக்கை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சகலை கண்ணைத் திறந்தார். கிளாஸை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மறுபடி மோந்தார். கேனை எடுத்துக் கவிழ்த்துத் தேதியைப் படித்தார். இன்னொரு மடக்குக் குடித்து, வாயிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். பிறகு நோட்டை எடுத்து, ஏற்கெனவே எழுதியிருந்த 4.25ஐ அடித்துவிட்டு, பக்கத்தில் 3.75 என்று போட்டார்.